பையா இறங்கவில்லை

தமிழில் ஒரே ஒரு 'ப'தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பால் வாங்கியிருக்கிறோம், பஸ் பிடித்திருக்கிறோம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. இந்திக்காரர்களுக்கு அது போதாது. நான்கு 'ப' வைத்திருக்கிறார்கள். உதட்டால் ஒன்று, காற்றை ஊதி ஒன்று, தொண்டையிலிருந்து ஒன்று, தொண்டையும் காற்றுமாகச் சேர்த்து ஒன்று. கல்யாணமாகி டெல்லிக்கு வந்த புதிதில் என் கணவர் இதை எனக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். மெழுகுவர்த்தியை ஏற்றி என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எந்த 'ப'வுக்குச் சுடர் ஆட வேண்டும், எதற்கு ஆடக் கூடாது என்று விளக்கினார். எனக்கு நான்குக்கும் சுடர் அணைந்தது. தீப்பெட்டி தீர்ந்த பிறகு அவரும் விட்டுவிட்டார்.

'க'விலும் இதே கதைதான். நான் நர்ஸ். பாளையங்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, அங்கேயே நர்ஸிங் படித்துவிட்டு, டெல்லி ஆஸ்பத்திரிகளில் பாதி ஆயுளைக் கழித்தவள். வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கட்டிலாக நின்று "கானா காயா?" என்று கேட்பேன். சாப்பிட்டீர்களா என்று அன்பாக விசாரிப்பதாக என் எண்ணம். பாட்டுப் பாடினீர்களா என்றுதான் அவர்கள் காதில் விழுமாம். பித்தப்பையை எடுத்துவிட்டுப் படுத்திருந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர், தையல் பிரித்த பிறகு பாடுகிறேன் சிஸ்டர்ஜி என்றார். வலியில் உளறுகிறார் என்று நினைத்து டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் மகள் டெல்லியிலேயே பிறந்தவள். தமிழில் தன் பெயரைக்கூடத் தப்பில்லாமல் எழுத மாட்டாள். ஆனால் என் இந்தியைத் திருத்துவது என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. சரோஜினி நகர் மார்க்கெட்டில் நான் பேரம் பேச ஆரம்பித்தால் நாலு கடை தள்ளிப் போய் நின்று, யார் பெற்ற பிள்ளையோ மாதிரி துணி பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அதையெல்லாம் சட்டை செய்ததில்லை. கடைக்காரனுக்குப் புரிகிறது, துணி வந்து சேர்கிறது, இன்னும் என்ன வேண்டும்?

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு குட்டி விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி வேலையை விட்ட பிறகு வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் வந்து சேர்ந்தவர் பையா. இரண்டு முழங்காலையும் மாற்றியிருந்தார்கள். பையா என்றால் அண்ணன். அவருடைய தம்பி அவரைப் பையா என்று கூப்பிட, தம்பி மனைவி அப்படியே கூப்பிட, அப்புறம் பிள்ளைகள், டிரைவர், வாட்ச்மேன், பால்காரர் எல்லோருக்கும் அவர் பையா. சொந்தப் பேரனே தாத்தாவைப் பையா என்றான். அவருடைய உண்மையான பெயரை நான் மாத்திரைச் சீட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் நிலமும் மாடுமாக இருந்தவர். சின்ன வயதில் மல்யுத்தம் பழகியவர். எழுபது தாண்டியும் தோளும் கையும் அப்படியே இருந்தன; முழங்கால்கள் மட்டும் ராஜினாமா செய்துவிட்டன. தம்பி டெல்லியில் கட்டடம் கட்டி விற்று எங்கேயோ போய்விட்டார், சொந்தமாக விமானம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு. பையா அந்த விமானத்தை டப்பா என்பார். தம்பியிடம் பாசமும் உண்டு, முறுக்கும் உண்டு.

பையாவின் வியாதி உண்மையில் முழங்கால் அல்ல, பிடிவாதம். எதிலாவது ஏறி உட்கார்ந்துவிட்டால் இறங்க மாட்டார். இறங்கும்போது வலிக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், இறங்குகிற இடத்தில் தம்பி வாங்கி வைத்த சக்கர நாற்காலி காத்துக்கொண்டிருக்கும். இவனை நான் தோளில் தூக்கி மேளாத் திருவிழாவுக்குக் கொண்டுபோனவன், இவன் என்னைத் தள்ளிக்கொண்டு போவதா என்று கேட்பார். தினமும் சாயங்காலம் பிசியோதெரபி முடிந்து கார் வீட்டு வாசலில் நின்றதும் இந்த நாடகம் நடக்கும். நான் திட்டி, கெஞ்சி, எண்ணெய் தடவி, இடுப்பைப் பிடித்து ஒரு காலாக வெளியே எடுத்து வைத்து இறக்குவேன். அவர் இறங்கினால்தான் என் டியூட்டி முடியும்.

இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போன். "பையா எறங்கியாச்சு." அவ்வளவுதான் செய்தி. எனக்கு ஆறிய சோறு தொண்டையில் இறங்காது. என் கணவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். எனக்கு முன்பே வீடு திரும்பிவிடுவார். அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு என் போனுக்காகக் காத்திருப்பார். பையா இறங்கினார் என்றதும் குக்கரை வைத்தால், நான் ஆட்டோ பிடித்துக் கிட்வாய் நகர் வந்து செருப்பைக் கழற்றும்போது சரியாகச் சோறு தயாராக இருக்கும். எங்கள் வீட்டில் அடுப்பு பற்றுவதே பையாவின் முழங்காலை நம்பித்தான் என்று மகள் கேலி செய்வாள்.

பையாவின் தங்கை பேத்திக்கு ஊரில் கல்யாணம் வந்தது. போயே தீருவேன் என்று நின்றார். ரயிலில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தம்பி தன் விமானத்தைக் கொடுத்தார். கூட நான். வீட்டில் சொன்னபோது மகள் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். கணவர், அதில் பாத்ரூம் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

இல்லை. மாருதி வேனுக்கு இறக்கை ஒட்டினது போல இருந்தது அது. முன்னால் இரண்டு சீட்டு. ஒன்றில் கேப்டன், விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசை பேசினாலும் பேசும், அவர் பேச மாட்டார். இன்னொன்றில் கோ-பைலட், ஹரியானாக்காரப் பெண், நல்ல உயரம், எருமையை வயலின் மறுகோடியிலிருந்து கூப்பிடும் குரல். பின்னால் பையாவும் நானும். முன் சீட்டுகளுக்கும் எங்களுக்கும் நடுவே தரையில் ஒரு மூடி இருந்தது. அதன் மேல் பையாவின் வாக்கரை மடித்து வைத்து, அதன் மேல் என் பையை வைத்துக்கொண்டேன்.

போகும்போது எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அந்த ஊர் ஓடுதளத்தில் இறங்கியதும் பார்த்தால், கல்யாண வீட்டார் ஒரு சக்கர நாற்காலிக்குச் சாமந்தி மாலை சுற்றி, பேண்டு வாத்தியத்தோடு நின்றார்கள். பையா பார்த்தார். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பேண்டுக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து, மறுபடி முதல் பாட்டுக்கு வந்தார்கள். கோ-பைலட் கெஞ்சிப் பார்த்தாள். கேப்டன் மீசையைத் தடவினார். கடைசியில் நான் என் வைத்தியத்தைச் செய்து, மாலை போட்ட நாற்காலியை விமானத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, வாக்கரோடு அவரை இறக்கினேன். கோ-பைலட் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பினோம். கல்யாண வீட்டு லட்டை என் டிபன் பாக்ஸில் திணித்திருந்தார்கள். பையா பூரியின் மயக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். டெல்லி வந்துவிட்டது என்பது எனக்கு ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டம் தெரிந்ததும் புரிந்தது. சாயங்கால வெயில் அதில் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது.

அப்போது முன்னால் இரண்டு பேரும் இங்கிலீஷில் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். கியர் என்ற வார்த்தை அடிக்கடி வந்தது. கியர் விழவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கும் சில நாள் கியர் விழாது. ஓரமாக நிறுத்தி என் கணவர் ஒரு உதை கொடுத்தால் விழுந்துவிடும். விமானம் கீழே போவதற்குப் பதில் கொஞ்சம் மேலே ஏறி, வட்டம் போடத் தொடங்கியது.

கோ-பைலட் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றி, எனக்குப் புரிய வேண்டுமே என்று இந்தியில் சொன்னாள்.

"சிஸ்டர்ஜி, பயப்படாதீங்க. பையா நஹீ உதர் ரஹா."

என் காதில் விழுந்தது அப்படித்தான். பையா இறங்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். வயதில் பெரியவரை மரியாதையாக 'ரஹே' என்று சொல்ல வேண்டாமா, அது என்ன 'ரஹா'? ஹரியானாவில் அப்படித்தான் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். இன்னும் தரைக்கே வரவில்லை, அதற்குள் பையா இறங்காததைப் பற்றி இவளுக்கு என்ன கவலை? நேற்றுப் பட்ட பாட்டை நினைத்து முன்கூட்டியே நடுங்குகிறாள், பாவம் என்று தோன்றியது. தைரியம் சொன்னேன். கவலைப்படாதே, நான் இறக்கிவிடுகிறேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. நீங்கள் எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டாள். நேற்றும் நான்தானே இறக்கினேன் என்றேன். நேற்றேவா என்றாள். நேற்று என்ன, தினமும் இதே தொல்லைதான், ரொம்ப நேரம் மடங்கியே இருந்தால் இறுகிப்போகும் என்றேன். அவள் கேப்டன் தோளைத் தொட்டு, இந்த அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றாள். கேப்டனே திரும்பிப் பார்த்தார்.

நான் உற்சாகமாகிவிட்டேன். விமானக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்பது தினமும் நடக்கிற காரியமா? விளக்கமாகச் சொன்னேன். முதலில் கொஞ்சம் எண்ணெய் போட்டு நீவ வேண்டும். பிறகு இடதை மெதுவாக முன்னால் இழுக்க வேண்டும், அது வந்துவிட்டால் வலது தானாக வரும். உள்ளே வைத்திருப்பது வெளிநாட்டுச் சாமான், புதிது, அதனால்தான் இறுக்கம். வராமலே போனால் என்ன செய்வது என்று கேட்டாள். நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கீழே வைத்துவிடலாம் என்றேன்.

"ஆகாசத்திலயா?" என்று கேட்டாள்.

எனக்கு அலுப்பாக இருந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன்.

டாக்டர் என்ற சொல்லில் அவளுக்கு ஏதோ உறைத்தது. தூங்குகிற பையாவைப் பார்த்தாள். நான் அதற்குள் எண்ணெய் பாட்டிலைத் திறந்து அவர் முழங்கால் மேல் கை வைத்திருந்தேன். அவள் இரண்டு கையாலும் காற்றில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"பையா இல்ல சிஸ்டர்ஜி. ப-ஹி-யா. கோல் கோல்." அப்புறம், இது ஆகாத கேஸ் என்று முடிவு செய்தவள் போல, "வீல்" என்றாள்.

இந்தியில் சக்கரத்துக்குப் பஹியா என்று பெயர். நடுவில் ஒரு 'ஹி' இருக்கிறது. நாம் அதை விழுங்கிவிடுவோம். விழுங்கினால் மிஞ்சுவது பையா. இத்தனை வருஷமாக விழுங்கிய 'ஹி' எல்லாம் சேர்ந்து அந்த நிமிஷம் என்னிடம் கணக்குக் கேட்டது. விமானத்தின் சக்கரம் மடங்கி வயிற்றுக்குள் இருக்கும், இறங்கும் முன் அது கீழே வர வேண்டும், மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. சக்கரம் இல்லாமல் தரையில் இறங்கினால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

எனக்குப் பயமாக இருந்தது. வார்டில் எத்தனையோ பேருடைய கையைப் பிடித்து ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். அன்று என் கையைப் பிடிக்க ஆளில்லை. தூங்குகிற பையாவின் மணிக்கட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். யாராவது கேட்டால் நாடி பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினேன். சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவள், எத்தனை ஜெபம் தெரியும். ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டு ஜெபம் மட்டும் வந்தது. கொடுத்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லி ஆமென் போட்டேன்.

கேப்டன் விமானத்தைத் தாழ்வாக ஓட்டி விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர்களிடம் வயிற்றைக் காட்டினார். சக்கரம் தெரியவில்லை என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் என் பைக்குள் போன் அடித்தது. அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். அணைக்க மறந்தது அது அடித்த பிறகுதான் தெரிந்தது. கேப்டனுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. எடுத்தேன். என் கணவர்.

"என்ன, பையா எறங்கியாச்சா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னும் எறங்கல்லங்க."

"அந்த மனுசனுக்கு என்ன இவ்ளோ பிடிவாதம்? நல்லா சத்தம் போட்டு எறக்கு. அரிசியக் களஞ்சு வச்சிட்டு நிக்கேன்."

"போடாதீய. எறங்கின பொறவு சொல்லுதேன்."

"என்ன ஒரே இரைச்சலா கேக்கு?"

"பேண்டு வாசிக்காங்க" என்றேன். அப்புறம், போனை வைத்துவிட மனசில்லாமல், மகள் வந்துவிட்டாளா என்று கேட்டேன். வந்துவிட்டாள், சோபாவில் போனோடு கிடக்கிறாள் என்றார்.

"அவளத் திட்டாதீய."

"நான் எங்க திட்டுதேன்? நீதான திட்டுவ."

அவர் சொன்னது நிஜம். நான்தான் திட்டுவேன். இன்னும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. உண்மையைத்தான் சொன்னேன், பையா இறங்கவில்லை என்று. அவர் தப்பாகப் புரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. இரண்டு பேரும் பயந்து என்ன ஆகப் போகிறது?

கோ-பைலட் பெல்ட்டை அவிழ்த்துப் பின்பக்கம் திரும்பி, என் பையையும் வாக்கரையும் தூக்கி என் மடியில் போட்டாள். தரையில் இருந்த அந்த மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கைப்பிடி. மோட்டார் வேலை செய்யாதபோது கையால் சுற்றிச் சக்கரத்தை இறக்க வேண்டுமாம். முறுக்கிக்கொண்டு திரும்பிய நிலையில் சுற்ற ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போய் அது கெட்டிப்பட்டது. முழுப் பலத்தையும் கொடுக்கத் தோதான இடம் அது இல்லை. நான் குனிந்து சுற்றினேன். மூச்சு நின்ற நோயாளிகளின் நெஞ்சை அழுத்திப் பழகிய கைதான். இருந்தாலும் பாதியில் எனக்கும் மூச்சு வாங்கியது. அப்போது என் முழங்கை பையாவின் மேல் இடித்து அவர் விழித்துக்கொண்டார்.

என்ன ஆயிற்று என்று கேட்டார். பதற்றத்தில் நான் சுருக்கமாகச் சொன்னேன்: பையா நஹீ உதர் ரஹா.

பையா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆமாம், இறங்க மாட்டேன்தான், என்ன செய்வாய் என்று கேட்டார். அந்த நாற்காலியை அந்தப் பக்கம் எடுத்துப் போகச் சொல், அப்புறம் பேசலாம் என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கோ-பைலட் தலையில் அடித்துக்கொண்டு, சரியான 'ப'வும் சரியான 'ஹி'யும் போட்டு அவருக்கு விளக்கினாள்.

பையா பயப்படவில்லை. அவருக்கு ஒரு விதமான திருப்திதான் வந்தது. டப்பா என்று நான் அப்போதே சொன்னேனே என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, விலகு என்று என்னைத் தள்ளினார். ஊரில் மாட்டுக்குத் தீவனம் வெட்டும் சக்கரத்தைச் சுற்றி வளர்ந்த கை. கைப்பிடி அவருக்கு நேர் எதிரில் இருந்தது. முழங்கால் மடங்க வேண்டிய அவசியமே இல்லை. பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

கோ-பைலட் அலறினாள். எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டுமாம்.

தீவனச் சக்கரம் இப்படித்தான் சுற்றும் என்றார் பையா. இது தீவனச் சக்கரம் இல்லை என்றாள் அவள். அவர் ஊரிலும் எருமை, அவள் ஊரிலும் எருமை. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று டெல்லிக்கு மேலே வைத்து இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கேப்டன் அன்று முதல் தடவையாக எங்களிடம் வாய் திறந்து, அவள் சொல்வதைக் கேளுங்கள் பாபுஜி, இல்லையென்றால் இரண்டு ஊர் எருமையையும் மேலோகத்திலிருந்து பார்க்க வேண்டிவரும் என்றார். பையாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. எதிர்ப்பக்கம் சுற்றினார்.

கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இரத்த அழுத்தம் ஏறுமே என்று நர்ஸாக எனக்குக் கவலை. சக்கரம் இறங்க வேண்டுமே என்று மனுஷியாக எனக்குக் கவலை. மனுஷி ஜெயித்தாள், இன்னும் இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றச் சுற்ற அடியில் ஏதோ கரகரவென்று நகர்வது காலில் தெரிந்தது. கடைசியில் கைப்பிடி மேற்கொண்டு நகர மறுத்தது. முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பச்சை விளக்கு எரிந்தது. இருந்தாலும் தரையில் பட்டதும் மடங்காது என்று உறுதியில்லை, தயாராக இருங்கள் என்றார் கேப்டன்.

கோ-பைலட் சட்டதிட்டங்களைக் கடகடவென்று சொன்னாள். கண்ணாடியைக் கழற்று, ஊசி கீசி இருந்தால் எடு, தலையைக் குனி, பல்செட்டைக் கழற்று. கடைசியாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கீழே தம்பி நிற்பான், பல் இல்லாத வாயோடு அவன் முன்னால் போக மாட்டேன் என்றார் பையா. நான் இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் கூட்டிப் பாளையங்கோட்டைத் தமிழில் திட்டினேன். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. பேசாமல் பல்லைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வைக்க இடமில்லாமல் டிபன் பாக்ஸில் லட்டுக்குப் பக்கத்தில் போட்டு மூடினேன். முழங்காலுக்கு நடுவே வைக்கும் தலையணையை அவர் நெஞ்சுக்கு முட்டுக்கொடுத்து, அவர் தலை மேல் என் கையை வைத்துக் குனிந்துகொண்டேன்.

தரை வந்தது. டங்கென்று ஒரு அடி, ஒரு துள்ளல், இன்னொரு அடி. மடங்கவில்லை. சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அதற்கு நன்றி சொல்லலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

விமானம் நின்றதும் இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. கதவைத் திறந்து, சீக்கிரம் இறங்குங்கள் என்று ஆட்கள் கத்தினார்கள். கேப்டன் ஒரு பக்கம், கோ-பைலட் ஒரு பக்கம் எங்களை விரட்டினார்கள்.

பையா இறங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பல்.

டிபன் பாக்ஸ் எங்கேயோ உருண்டுபோயிருந்தது. வெளியே ஒருவர் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே நான் நாலு காலில் தவழ்ந்து சீட்டுக்கடியில் துழாவுகிறேன். கிடைத்தது. லட்டுத் தூளைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பல்லைக் கொடுத்தேன். அவர் மாட்டிக்கொண்டு, நாக்கால் ஒரு தடவை சரிபார்த்து, லட்டு நன்றாக இருந்தது என்றார். அதற்குப் பிறகுதான் இடது காலை முன்னால் நீட்டினார். நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தேன். கோ-பைலட் கீழே நின்று தாங்கிக்கொண்டாள். பையா இறங்கினார்.

எங்களை வண்டியில் ஏற்றி ஓரமாகக் கொண்டுபோனார்கள். அங்கே தம்பி நின்றார். பெரிய உடம்பு, விலை உயர்ந்த கோட்டு. ஓடி வந்து அண்ணன் காலில் விழுந்து, ஆபரேஷன் செய்த முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு அழுதார். பையா அவர் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி ஏதோ கொண்டுவரச் சொன்னார். பையா என்பது போலத்தான் என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் பட்டது போதும். கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டி, கோல் கோலா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"ஆமா சிஸ்டர், கோல் கோல்" என்றார்.

சுவரோரம் சக்கர நாற்காலி நின்றது. தள்ளிக்கொண்டு வந்தேன். பையா அதன் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், குனிய முடியாததால் வாக்கர் காலால் லேசாகத் தட்டினார். பிறகு, யாரும் கெஞ்சாமல், யாரும் எண்ணெய் தடவாமல், தானாக உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"தள்ளு. மெதுவா. உன்ன நான் மேளாவுக்குத் தூக்கிட்டுப் போன வேகத்துல."

தம்பி தள்ளிக்கொண்டு போனார். நான் வாக்கரையும் டிபன் பாக்ஸையும் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு. ரெண்டு பையாவும் எறங்கியாச்சு."

"ரெண்டா? இன்னொருத்தர் யாரு?"

பின்னால் மகளின் குரல் கேட்டது. அம்மா எந்த 'ப'வைச் சொல்கிறாள் என்று கேளுங்கள் என்றாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன், அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. நான் மூக்கை உறிஞ்சுகிற வரை அவர் காத்திருந்தார்.

"அப்ப அரிசி போடட்டா?" என்றார்.

"போடுங்க" என்றேன். "வாரேன்."